இதயத்தை எந்த இடத்தில் தொடுவது?

"மிஷினுதான் ஓடுதுல்லா, பொறவு ஏம்ல மூச்சு எளைக்கு?"

ராதாபுரத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து என் ஆச்சி கேட்ட கேள்வி இது. 2011-ஆம் ஆண்டில் ஆச்சியின் நாடித் துடிப்பு நிமிடத்துக்கு 36 ஆகக் குறைந்து, இருமுறை மயங்கி விழுந்தார். அதன் பிறகு தோள்பட்டைக்குக் கீழே பேஸ்மேக்கர் பொருத்தினார்கள். மறுநாளே துடிப்பு 70. மயக்கம் போய்விட்டது. ஊரெல்லாம் அந்தச் சிறு கருவியைப் பற்றித்தான் பேச்சு. ஆனால் மூன்றாண்டுகள் கழிவதற்குள் கால்கள் வீங்கத் தொடங்கின. குளத்துக்கரை வரை நடந்தால் மூச்சு வாங்கியது. கருவியைச் சோதித்த மருத்துவர், அது சரியாக இயங்குகிறது, மின்கலத்திலும் ஆற்றல் இருக்கிறது என்றார். எக்கோ பரிசோதனையில் மட்டும் இதயம் சற்றே பெரிதாகி, இரத்தத்தை வெளித்தள்ளும் திறன் குறைந்திருப்பது தெரிந்தது.

நான் அப்போது எம்.எஸ்ஸி. முடித்துக் கல்லூரியில் ஆசிரியராகச் சேர்ந்திருந்த புதிது. மின்சுற்று, அதிர்வெண், மின்னழுத்தம் ஆகியவற்றை மாணவர்களுக்குக் கற்பிக்கிறவன். ஆயினும் ஆச்சியின் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். இதயம் நிமிடத்துக்கு எத்தனை முறை துடிக்கிறது என்பது பாதிக் கணக்குத்தான். அந்தத் துடிப்பு இதயத்தின் எந்த இடத்தில் தொடங்குகிறது என்பது மறுபாதி. இதில் வியப்புக்குரிய செய்தி என்னவென்றால், மறுபாதிக் கணக்கு 1925-ஆம் ஆண்டிலேயே ஆய்வுக்கூடத்தில் போடப்பட்டுவிட்டது. மருத்துவமனைகள் அதைச் செயலில் கொண்டுவர ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு ஆயிற்று. அந்த வரலாற்றைத்தான் இங்கே காணப் போகிறோம்.

நிரம்புவதும் ஒரு வேலை

இதயத்தில் நான்கு அறைகள் உள்ளன என்பதைப் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். ஆரிக்கிள் எனப்படும் மேலறைகள் இரண்டு. வெண்ட்ரிக்கிள் எனப்படும் கீழறைகள் இரண்டு. இவை நான்கும் ஒரே சமயத்தில் சுருங்குவதில்லை. முதலில் மேலறைகள் சுருங்குகின்றன. ஒரு வினாடியில் ஆறில் ஒரு பங்கு அளவுக்குத் தாமதித்துக் கீழறைகள் சுருங்குகின்றன. நிமிடத்துக்கு 72 துடிப்பு என்றால் ஒரு துடிப்புக்குக் கிடைக்கும் நேரம் 0.83 வினாடி. அதில் கீழறைகள் சுருங்குவதற்குச் சுமார் 0.3 வினாடி செலவாகிறது. எஞ்சிய அரை வினாடியில்தான் அவை தளர்ந்து, அடுத்த முறைக்கான இரத்தத்தை வாங்கிக்கொள்ள வேண்டும்.

இதயம் இரத்தத்தைத் தள்ளுவதைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம். அது நிரம்புவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எங்கள் ராதாபுரம் வட்டத்து விவசாயிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கோதையாற்றுத் தண்ணீர் குமரி மாவட்டத்துத் தோவாளைக் கால்வாய் வழியாக ராதாபுரம் கால்வாய்க்கு வந்து எங்கள் குளங்களில் விழுகிறது. மடை திறந்ததும் வேகமாகப் பாயும் நீர் குளத்தின் பெரும்பகுதியை நிரப்பிவிடும். ஆனால் கடைசியில் வந்து சேரும் தண்ணீர்தான் குளத்தை மறுகால் பாயும் மட்டத்துக்கு உயர்த்துகிறது. கீழறையும் அப்படித்தான். வால்வு திறந்ததும் இரத்தம் தானாகவே பாய்ந்து இறங்குகிறது. பிறகு பாய்ச்சல் குறைகிறது. கடைசியில் மேலறை சுருங்கி, மேலும் ஐந்தில் ஒரு பங்கு அளவு இரத்தத்தை உள்ளே தள்ளிவிடுகிறது. வயதாகிச் சுவர் விறைத்துப் போன இதயத்தில் இந்தக் கடைசித் தள்ளலின் பங்கு இன்னும் கூடும்.

இந்த ஐந்தில் ஒரு பங்கு போனால் போகட்டும் என்று விட்டுவிட முடியாது. இதயத் தசை எவ்வளவு விரிகிறதோ அவ்வளவு வலுவாகச் சுருங்கும் என்பது ஃபிராங்க், ஸ்டார்லிங் ஆகியோர் கண்டறிந்த விதி. ஆகவே குறைவாக நிரம்பிய கீழறை, குறைந்த இரத்தத்தைத் தள்ளுவதோடு குறைந்த வலுவோடும் தள்ளுகிறது. மேலறை எப்போது சுருங்குகிறது என்பதும் அதே அளவு முக்கியம். கீழறை சுருங்கத் தொடங்கிய பிறகு மேலறை சுருங்கினால், இடையிலுள்ள வால்வு மூடிவிட்டிருக்கும். இரத்தம் வந்த வழியே நரம்புகளுக்குத் திரும்பி மோதும். சில நோயாளிகளின் கழுத்து நரம்பில் இந்த மோதலைக் கண்ணாலேயே காணலாம்.

இயற்கை இழுத்த கம்பி

இந்த ஒழுங்கைக் காப்பாற்றுவது யார்? வல மேலறையின் மேற்புறத்தில் சைனஸ் கணு என்றொரு சிறு திசுத்திரள் இருக்கிறது. மின்துடிப்பு அங்கேதான் பிறக்கிறது. அது மேலறைகளில் பரவி, மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள இன்னொரு கணுவை வந்தடைகிறது. மேலும் கீழும் மின்காப்புப் போன்ற நார்த்திசுவால் பிரிக்கப்பட்டிருப்பதால், கீழே இறங்க இது ஒன்றே வழி. இந்த நடுக்கணுவில் மின்துடிப்பு வினாடிக்கு 5 சென்டிமீட்டர் வேகத்தில் ஊர்ந்து செல்கிறது. மேலே சொன்ன தாமதம் இங்கேதான் உண்டாகிறது. மின்துடிப்பு இக்கணுவைக் கடந்து ஹிஸ் கற்றை என்னும் அடிமரத்தில் இறங்கியதும் அதன் வேகம் சட்டென்று கூடுகிறது. கற்றை இடம் வலம் எனப் பிரிந்து, பர்கின்ஜி இழைகளாகக் கிளைத்து, கீழறைகளின் உட்சுவர் முழுவதையும் வலைபோல் போர்த்தியிருக்கிறது. இவ்விழைகளில் வேகம் வினாடிக்கு 2 முதல் 4 மீட்டர். சாதாரணத் தசையில் சராசரியாக அரை மீட்டர்தான்.

இந்த வேக வேறுபாட்டுக்கு ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 8 சென்டிமீட்டர் தூரத்தைத் தசை வழியே கடக்க 0.16 வினாடி வேண்டும். வினாடிக்கு 2 மீட்டர் வேகமுள்ள இழை வழியே கடக்க 0.04 வினாடி போதும். நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தைப் பார்த்தவர்கள் இதன் பொருளை உடனே உணர்வார்கள். வடம் நெடுகிலும் நூற்றுக்கணக்கானோர் நிற்கிறார்கள். அத்தனை பேரும் ஒரே ஓசையைக் கேட்டு ஒரே நொடியில் இழுத்தால் தேர் நகரும். அதற்கு மாறாக, 'இழு' என்னும் செய்தி ஒருவர் காதிலிருந்து அடுத்தவர் காதுக்கு வாய்மொழியாகப் போவதாக வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் நிற்பவர்கள் இழுத்துக் களைத்துக் கையைத் தளர்த்தும்போதுதான் பின்னால் நிற்பவர்கள் இழுக்கத் தொடங்குவார்கள். ஆட்கள் அதே ஆட்கள், பலமும் அதே பலம். தேர் மட்டும் நகராது.

இந்தக் கம்பித்தடத்தைக் கண்டுபிடித்த கதையே தனிக்கட்டுரைக்கு உரியது. 1839-இல் பர்கின்ஜி ஆட்டின் இதயத்தில் விந்தையான இழைகளைக் கண்டார். அவற்றின் வேலை அவருக்குத் தெரியவில்லை. 1893-இல் வில்ஹெல்ம் ஹிஸ் மேலறையையும் கீழறையையும் இணைக்கும் கற்றையைக் கண்டார். ஜெர்மனியின் மார்பர்க் நகரில் அஷாஃப் என்னும் பேராசிரியரிடம் ஆய்வு செய்ய வந்த ஜப்பானிய இளைஞர் சுனாவோ தவாரா, இதயங்களை மெல்லிய சீவல்களாக அறுத்து நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாகத் தொடர்ந்து சென்றார். நடுக்கணு, ஹிஸ் கற்றை, அதன் கிளைகள், பர்கின்ஜி இழைகள் எல்லாம் ஒரே மரத்தின் உறுப்புகள் என்று 1906-இல் வெளியிட்டார். மறு ஆண்டே இங்கிலாந்தில் ஆர்தர் கீத் என்பவரும், மார்ட்டின் ஃப்ளாக் என்னும் மருத்துவ மாணவரும் சைனஸ் கணுவைப் பற்றி எழுதினர். ஃப்ளாக் அதை முதலில் பார்த்தது ஓர் அகழெலியின் இதயத்தில்!

1925-ஆம் ஆண்டின் எச்சரிக்கை

அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் கார்ல் விக்கர்ஸ் என்னும் உடலியல் அறிஞர் இருந்தார். இதய அறைகளுக்குள் அழுத்தம் நொடிக்கு நொடி எவ்வாறு மாறுகிறது என்பதை அளப்பதில் அவருக்கு இணையில்லை. அவர் கையாண்ட கருவி இயற்பியல் மாணவர்களுக்கு மிகவும் பிடிக்கும். அழுத்தம் ஒரு மெல்லிய சவ்வை அசைக்கும். சவ்வின் மேல் ஒட்டியுள்ள சிறு கண்ணாடி அசையும். கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளிக்கற்றை, ஓடும் புகைப்படத் தாளில் கோடு வரையும். எடையற்ற நெம்புகோலாக ஒளியே பயன்பட்டதால், வினாடியின் நூற்றில் ஒரு பங்கு மாற்றமும் அதில் தப்பாது.

விக்கர்ஸ் நாயின் இதயத்தில் கீழறையின் மேற்பரப்பைப் பல இடங்களில் மின்சாரத்தால் தொட்டுத் துடிக்க வைத்தார். இயற்கையான துடிப்பில் அழுத்தக்கோடு செங்குத்தாக ஏறியது. தொட்டு எழுப்பிய துடிப்பில் அது சாய்வாக ஏறியது, சுருக்கம் நீண்டது, அழுத்தத்தின் உச்சமும் தாழ்ந்தது. தொட்ட இடத்திலிருந்து கிளம்பிய மின்துடிப்பு தசை வழியே ஊர்ந்து, எங்கோ ஓரிடத்தில் பர்கின்ஜி வலைக்குள் நுழைகிறது. அப்படி நுழைவதற்கு எவ்வளவு நேரமாகிறதோ அவ்வளவுக்குச் சுருக்கம் சீர்கெடுகிறது என்று 1925-இல் வெளியான கட்டுரையில் அவர் விளக்கினார்.

அதே துடிப்பு எண்ணிக்கை, அதே இதயம், அதே தசை. தொட்ட இடம் மட்டும் வேறு. இதைவிடத் தெளிவான சோதனையை நான் என் மாணவர்களுக்குக் காட்ட முடியாது. ஆனால் கட்டுரை வெளிவந்தபோது செயற்கைப் பேஸ்மேக்கர் என்றொரு கருவியே உலகில் கிடையாது. எச்சரிக்கை முதலில் வந்துவிட்டது. எச்சரிக்கப்பட வேண்டிய கருவி பின்னால் வந்தது.

கைக்கு எட்டிய இடம்

நின்ற இதயத்தை மின்சாரத்தால் எழுப்பலாம் என்று ஸ்காட்லாந்தின் மக்வில்லியம் 1889-இலேயே எழுதியிருந்தார். 1928-இல் சிட்னி நகரில் லிட்வில் என்னும் மருத்துவரும் பூத் என்னும் இயற்பியலாளரும் சேர்ந்து செய்த கருவி, பிறக்கும்போதே இதயம் நின்றிருந்த ஒரு குழந்தையைப் பிழைக்க வைத்தது. நிமிடத்துக்கு 80 முதல் 120 துடிப்பு வரை வைக்கக்கூடிய கருவி அது. ஊசிமுனை நேரே இதய அறைக்குள் செலுத்தப்பட்டது. பத்து நிமிடம் கழித்துக் குழந்தையின் இதயம் தானே துடித்தது. 1932-இல் நியூயார்க்கின் ஆல்பர்ட் ஹைமன், கையால் முறுக்கிவிடும் வில்லினால் இயங்கும் கருவியைச் செய்து அதற்குச் 'செயற்கைப் பேஸ்மேக்கர்' என்று பெயரிட்டார். அவர் ஊசியைச் செலுத்த விரும்பிய இடம் வல மேலறை, அதாவது இயற்கைத் துடிப்பு பிறக்கும் அறை. அந்த நல்ல நோக்கம் பின்னால் கைவிடப்பட்டது.

கைவிட்டதற்குக் காரணம் இருந்தது. பேஸ்மேக்கர் மிகவும் தேவைப்பட்டவர்கள், நடுக்கணுவோ ஹிஸ் கற்றையோ பழுதானவர்கள். அவர்களின் மேலறை சரியாகவே துடிக்கும். செய்தி கீழே இறங்காது. மேலறையைத் தொட்டு அவர்களுக்குப் பயனில்லை. கீழறையைத்தான் தொட வேண்டும். 1952-இல் பாஸ்டனின் பால் சோல் மார்பின் தோல் வழியே மின்சாரம் செலுத்திக் கீழறையைத் துடிக்க வைத்தார். உயிர் பிழைத்தவர்கள் ஒவ்வொரு துடிப்புக்கும் வலியால் துடித்தார்கள். மினியாபொலிசில் லில்லஹை என்னும் அறுவை மருத்துவர், குழந்தைகளின் இதய இடைச்சுவரிலுள்ள ஓட்டையைத் தைக்கும்போது தையல் ஹிஸ் கற்றையில் பட்டு இதயம் தடைப்படுவதைக் கண்டார். 1957-இல் அவரது குழுவினர் கீழறைத் தசையிலேயே மெல்லிய கம்பியைப் பொருத்தி வெளியே கொண்டுவந்தனர். கருவி சுவர் மின்சாரத்தில் ஓடியது. அவ்வாண்டு அக்டோபர் 31-ஆம் நாள் நகரில் மின்தடை ஏற்பட்டது. மின்கலத்தில் இயங்கும் கருவி வேண்டுமென்று லில்லஹை கேட்க, ஏர்ல் பாக்கன் என்னும் பொறியாளர் சில வாரங்களில் டிரான்சிஸ்டர் கருவியைச் செய்து கொடுத்தார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட மின்சுற்று, ஒரு பொதுமக்கள் மின்னணுவியல் இதழில் இசைப் பயிற்சிக்கான தாளக் கருவிக்கென வெளியாகியிருந்தது. இத்தகைய இதழ்களைப் படிப்பதால் என்ன பயன் என்று கேட்கும் பெற்றோரிடம் மாணவ வாசகர்கள் இதைச் சொல்லலாம்.

1958-ஆம் ஆண்டு இரு பெரும் செய்திகள். நியூயார்க்கில் சீமோர் ஃபர்மன், மார்பைத் திறக்காமல் நரம்பின் வழியாகவே கம்பியை வலக் கீழறைக்குள் கொண்டுசென்றார். அக்டோபர் 8-ஆம் நாள் ஸ்டாக்ஹோமில் சென்னிங் என்னும் அறுவை மருத்துவர், ரூனே எல்ம்க்விஸ்ட் என்னும் பொறியாளர் செய்த கருவியை ஆர்னே லார்சன் என்பவரின் உடலுக்குள்ளேயே வைத்துத் தைத்தார். பாலிஷ் டப்பாவை அச்சாகக் கொண்டு எப்பாக்சிப் பிசினில் வார்த்த கருவி! அது சில மணி நேரமே ஓடியது. ஆனால் அடுத்தடுத்து இருபதுக்கு மேற்பட்ட கருவிகளை மாற்றிக்கொண்டு லார்சன் 2001 வரை வாழ்ந்தார். இறக்கும்போது அவருக்கு வயது 86.

உடலுக்குள் வைக்கும் கருவியும் நரம்பு வழிக் கம்பியும் ஒன்று சேர்ந்ததுதான் இன்று நாம் அறிந்த பேஸ்மேக்கர். நரம்பு வழியே இறங்கும் கம்பி எங்கே போய் நிற்கும்? வலக் கீழறையின் அடிமுனையில் தசைநார்கள் வேர்ப்பின்னல்போல் கிடக்கின்றன. கம்பியின் நுனி அவற்றுக்கிடையே சிக்கிக்கொண்டால் நகராது. திருகி நிறுத்தும் கம்பிகள் பரவலாகாத காலத்தில் நம்பத்தக்க இடம் அது ஒன்றே. சிறிய மின்துடிப்பே அங்கு போதும். 2.5 வோல்ட், அரை மில்லிவினாடி, 500 ஓம் தடை என்று வைத்துக் கணக்கிட்டால் ஒரு துடிப்புக்கு ஏறத்தாழ 6 மைக்ரோ ஜூல்தான் வருகிறது. எனவே மின்கலமும் நீடிக்கும். இவ்வாறு, கம்பி தங்குவதற்கு வசதியான இடமே இதயம் துடிக்கத் தொடங்கும் இடமாக நிலைத்துவிட்டது. இதைக் குறையாகச் சொல்ல என் மனம் ஒப்பவில்லை. முழு இதயத்தடை வந்தவர்கள் அடிக்கடி மயங்கி விழுந்து, பலர் ஓரிரு ஆண்டுகளுக்குள் இறந்துபோன காலம் அது. வீடு தீப்பற்றி எரியும்போது எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று யாரும் பார்ப்பதில்லை. தீ அணைந்த பிறகும் பார்க்காமல் இருந்ததுதான் வியப்பு.

மெல்ல வந்த கேடு

முதலில் கவனத்துக்கு வந்தது மேலறைக்கும் கீழறைக்கும் உள்ள ஒழுங்கு. கீழறையை மட்டும் தட்டிக்கொண்டிருந்தால் மேலறை தன் போக்கில் துடிக்கும். கடைசித் தள்ளல் வீணாகும். இதனால் சிலருக்குத் தலைசுற்றலும் களைப்பும் வந்தன. 1960-களின் தொடக்கத்திலேயே மேலறையின் துடிப்பை உணர்ந்து, தக்க இடைவெளி விட்டுக் கீழறையைத் தட்டும் கருவியை மயாமி நகரில் உருவாக்கினர். 1980-ஐ ஒட்டி மேலறைக்கு ஒன்று, கீழறைக்கு ஒன்று என இரு கம்பிகள் உள்ள கருவிகள் பரவலாயின. இனி எல்லாம் இயற்கைபோலவே என்று பலரும் நம்பினர்.

இங்கே இன்னொரு நுட்பமும் உண்டு. மேலறைக் கம்பி வல மேலறையில்தான் நிற்கிறது. அங்கு எழும் துடிப்பு இட மேலறையைச் சென்றடையச் சிறிது நேரமாகும். கருவியில் வைத்த இடைவெளி வலப்பக்கத்துக்குப் பொருத்தமாக இருந்தாலும், இடப்பக்கத்தில் மேலறை சுருங்கி முடிப்பதற்குள் கீழறை சுருங்கிவிடக்கூடும். உடலுக்கெல்லாம் இரத்தம் அனுப்புவது இடப்பக்கம்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் முக்கியத்துவம் விளங்கும்.

2002-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு பலரைத் திகைக்க வைத்தது. சைனஸ் கணு பழுதான 2,010 நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு இரு அறைகளையும் இயக்குமாறும், மற்றவர்களுக்குக் கீழறையை மட்டும் இயக்குமாறும் கருவியை அமைத்துப் பார்த்தார்கள். இறப்பிலோ பக்கவாதத்திலோ வேறுபாடு தெரியவில்லை! மேல், கீழ் ஒழுங்கைச் சரிசெய்தும் பலன் ஏன் இல்லை? அதே ஆண்டில் வந்த மற்றோர் ஆய்வு அதைவிட அதிர்ச்சி தந்தது. இதயம் ஏற்கெனவே பலவீனமான 506 பேரில், இரு கம்பிகளால் எப்போதும் துடிக்க வைக்கப்பட்டவர்களில் ஓராண்டுக்குள் 26.7 விழுக்காட்டினர் இறந்தோ, இதயச் செயலிழப்பால் மருத்துவமனையில் சேர்ந்தோ இருந்தனர். கருவி பெரும்பாலும் சும்மா இருக்குமாறு விடப்பட்டவர்களில் அது 16.1 விழுக்காடுதான். 2003-இல் முதல் ஆய்வின் கணக்குகளை மறுபடி அலசியபோது, கீழறை எவ்வளவு மிகுதியாகக் கருவியால் தட்டப்பட்டதோ அவ்வளவுக்கு இதயச் செயலிழப்பு கூடியது தெரிந்தது. மேல், கீழ் ஒழுங்கால் வந்த நன்மையை, கீழறைக்கு உள்ளேயே விளைந்த ஒழுங்கின்மை தின்றுவிட்டது.

வலக் கீழறையின் அடிமுனையைத் தட்டினால் என்ன நடக்கிறது? இரு கீழறைகளுக்கும் நடுவிலுள்ள இடைச்சுவர் முதலில் சுருங்குகிறது. அப்போது இடக் கீழறையின் வெளிச்சுவருக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. இடைச்சுவர் இழுக்க, வெளிச்சுவர் தளர்ந்து விரிந்து கொடுக்கிறது. பிறகு வெளிச்சுவர் சுருங்கும்போது, வேலை முடித்த இடைச்சுவர் பின்னால் தள்ளப்படுகிறது. இரத்தத்தின் ஒரு பகுதி வெளியே போகாமல் அறைக்குள்ளேயே இங்குமங்கும் அலைகிறது. தசை ஆற்றலைச் செலவழிக்கிறது. பயனுறு வேலை குறைகிறது. வால்வைப் பிடித்திருக்கும் தசைத்தூண்களும் முன்பின்னாகச் சுருங்குவதால் சிலருக்கு வால்வு கசிகிறது. இவை போதாதென்று, சுருங்கி முடிக்கவும் தளரவும் கூடுதல் நேரம் பிடிப்பதால், நிரம்புவதற்கென இருந்த அரை வினாடியிலும் ஒரு பகுதி பறிபோகிறது. துடிப்பு மாறவே மாறாது. 70 என்றால் 70. ஆச்சியின் மிஷின் ஓடியது. மூச்சு இளைத்ததற்கும் இதுவே காரணம்.

கருவி வைத்த எல்லோருக்கும் இக்கேடு வருவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எப்போதும் கருவியை நம்பித் துடிக்கும் இதயங்களில் பத்தில் ஒன்று முதல் ஐந்தில் ஒன்று வரை நாளடைவில் பலவீனமாவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. மற்றவர்கள் பல்லாண்டு நலமாக வாழ்கிறார்கள். இக்கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் தம் வீட்டுப் பெரியவரின் கருவியைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. கால் வீக்கமும் மூச்சிளைப்பும் புதிதாக வந்தால், வயதாகிவிட்டது என்று விட்டுவிடாமல் எக்கோ எடுத்துப் பார்க்கச் சொல்வது நல்லது.

தவாராவின் மரத்துக்குத் திரும்புதல்

முதல் மாற்றுவழி, இரு பக்கமும் தட்டுவது. வலக் கீழறையில் ஒரு கம்பியும், இதயத்தின் சொந்த நரம்பு வழியே இடக் கீழறையின் வெளிப்புறத்துக்கு இன்னொரு கம்பியும் கொண்டுசென்று இரண்டையும் ஒருங்கே இயக்கும் முறை 1990-களில் பிரான்சிலும் பிற நாடுகளிலும் உருவானது. வடத்தின் இரு முனையிலும் ஆளை நிறுத்திச் சைகை காட்டுவது போன்றது இது. 2005-இல் 813 நோயாளிகளிடம் செய்த ஆய்வில் இம்முறை இறப்பை 36 விழுக்காடு குறைத்தது. ஆனால் அது இயற்கையின் தடம் அன்று. இரு செயற்கைத் தடங்களின் சமரசம். கம்பி அதிகம், கருவியின் விலையும் மிக அதிகம். எங்கள் பக்கத்துக் குடும்பம் ஒன்று அந்த விலையைக் கேட்டால் வயலை விற்பதைப் பற்றித்தான் பேசத் தொடங்கும்.

இயற்கையின் தடத்தையே தொட முடியாதா? முடியும் என்று 1970-இலேயே காட்டியவர்களில் ஒருவர் இந்தியரான ஓங்கார் நருலா. மயாமியில் ஷெர்லாக், சாமெட் ஆகியோருடன் சேர்ந்து, நரம்பு வழிக் கம்பியால் மனித இதயத்தின் ஹிஸ் கற்றையைத் தற்காலிகமாகத் துடிக்க வைத்தார். அதை நிரந்தரமாகச் செய்ய மேலும் முப்பது ஆண்டுகள் ஆயின. 2000-ஆம் ஆண்டில் பென்சில்வேனியாவில் பிரமோத் தேஷ்முக்கும் அவரது குழுவினரும் 18 நோயாளிகளிடம் முயன்று 12 பேருக்கு ஹிஸ் கற்றையிலேயே கம்பியை நிலைநிறுத்தினர். இலக்கு சில மில்லிமீட்டர் அளவே உள்ளது. அதைச் சுற்றி நார்த்திசு இருப்பதால் கூடுதல் மின்னழுத்தம் தேவைப்படுகிறது. ஆகவே பலர் இதைக் கைத்திறமை மிக்கவர்களின் வித்தை என்று ஒதுக்கினர். ஒதுக்காமல் தொடர்ந்தவர்களுள் முன்னணியில் நிற்பவர், பென்சில்வேனியாவிலேயே கெய்சிங்கர் மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த புகழேந்தி விஜயராமன். 2018-இல் அவரது குழு 765 நோயாளிகளின் விவரங்களை வெளியிட்டது. 332 பேரிடம் ஹிஸ் கற்றையை முயன்று 304 பேரிடம் வெற்றி பெற்றனர். இறப்பு, இதயச் செயலிழப்புக்காக மருத்துவமனையில் சேர்தல், இருபக்கக் கருவிக்கு மாற வேண்டிய நிலை ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று நேர்ந்தவர்கள் ஹிஸ் முறையில் 25 விழுக்காடு. வழக்கமான முறையில் 32 விழுக்காடு.

2017-இல் சீனத்தின் வென்ஜோ நகரில் ஹுவாங் வெய்ஜியான் குழுவினர் இன்னும் எளிய வழியைக் கண்டனர். அடிமரத்தைத் தேடுவானேன்? சற்றுக் கீழே இடைச்சுவரின் இடப்புறத்தில் இடக்கிளை அகலமாக விரிந்து கிடக்கிறது. வலக் கீழறையிலிருந்தே இடைச்சுவருக்குள் கம்பியைத் திருகிச் செலுத்தி, மறுபுறத்திலுள்ள இடக்கிளையைத் தொட்டுவிடலாம். மின்னழுத்தமும் குறைவு, கம்பியும் ஒன்றே, சாதாரணப் பேஸ்மேக்கரே போதும். விலை அளவில் இம்முறை நம் நாட்டுக்கு எவ்வளவு பொருத்தமானது என்று சொல்ல வேண்டியதில்லை.

இம்முறையை நம் நாட்டில் முனைந்து கையாண்டவர்களுள் ஒருவர் மதுரை வேலம்மாள் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் சண்முக சுந்தரம் பொன்னுசாமி. 2020-இல் விஜயராமனும் பிற இந்திய மருத்துவர்களும் சேர்ந்து, இடக்கிளையைத் துடிக்க வைப்பது பற்றிய விரிவான தொகுப்புக் கட்டுரையை அவர் வெளியிட்டார். கம்பி நுனி தசையில்தான் இருக்கிறதா, இடக்கிளையைத் தொட்டுவிட்டதா என்பதைத் திருகும்போதே எழும் துடிப்புகளின் வடிவத்தைக் கொண்டு அறியும் வழியையும் அவரது குழு விவரித்தது. 2023-இல் அமெரிக்க, ஆசிய-பசிபிக், இலத்தீன் அமெரிக்க இதயத்துடிப்பியல் சங்கங்கள் கூட்டாக வெளியிட்ட வழிகாட்டுதலில் இயற்கைத் தடத்தைத் தொடும் முறைகள் இடம்பெற்றன. இருபக்கக் கருவியோடு இடக்கிளை முறையை நேருக்கு நேர் ஒப்பிடும் பெரிய ஆய்வு அமெரிக்காவில் தொடங்கியுள்ளது. இடைச்சுவருக்குள் ஆழமாகப் பதிந்த கம்பி இருபது ஆண்டுகளுக்குப் பிறகு எப்படி இருக்கும், பழுதானால் அதை எளிதில் எடுக்க முடியுமா என்பதைக் காலம்தான் காட்ட வேண்டும்.

திருகும் அந்தச் சில நிமிடங்களை இ.சி.ஜி. தாளில் பார்ப்பது ஓர் இயற்பியல் ஆசிரியனுக்குப் பெரும் விருந்து. கம்பியின் தடிமன் 1.4 மில்லிமீட்டர், இடைச்சுவரின் தடிமன் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர். தொடக்கத்தில் மார்பின் முதல் மின்முனையில் பதியும் கோடு அகன்று, அடியில் ஒரு பள்ளத்தோடு ஆங்கில 'டபிள்யூ' எழுத்துப்போல் இருக்கும். கம்பி ஒவ்வொரு சுற்றாக உள்ளே செல்லச் செல்ல, நடுவிலுள்ள அந்தச் சிறு மேடு வலப்புறமாக நகர்ந்து மேலேறுகிறது. இடக்கிளையைத் தொட்ட நொடியில் அது கோட்டின் இறுதியில் ஒரு சிறு முகடாக நிமிர்ந்து நிற்கிறது. இடக் கீழறையின் வெளிச்சுவருக்குச் செய்தி போய்ச் சேரும் நேரமும் அதே நொடியில் சட்டென்று குறைகிறது. மருத்துவர் அதற்கு மேல் திருகுவதில்லை.